என்விஆர் பெட்டியா, கணினியில் மென்பொருளா?

கேள்வி: கீழே தையல் யூனிட், மேலே வீடு. ஏழு வருடத்துக்கு முன்பு மாட்டிய நான்கு கேமராவும் ஒரு டிவிஆரும் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) இருக்கின்றன. போன மாதம் ஒரு தையல் மோட்டாரும் இரண்டு கட்டு துணியும் காணாமல் போயின. டிவிஆரைப் போட்டுப் பார்த்தால், டிவியில் படம் நன்றாக ஓடுகிறது, ஆனால் இரண்டு மாதமாக எதுவுமே பதிவாகவில்லை. இப்போது எட்டு கேமராவாக மாற்றலாம் என்று இருக்கிறோம். கேமரா மாட்டுபவர், "என்விஆர் வாங்குங்கள், வேறு யோசனையே வேண்டாம்" என்கிறார். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் என் மகன், வீட்டில் சும்மா கிடக்கும் ஐ5 ஆறாம் தலைமுறை கணினியில் இலவச மென்பொருளைப் போட்டு, ஹார்ட் டிஸ்க் மட்டும் வாங்கினால் போதும் என்கிறான். எது சரி? பழைய கேமராக்களை வைத்துக்கொள்ளலாமா? முப்பது நாள் பதிவு இருக்க எவ்வளவு டிஸ்க் வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

"டிவியில் படம் நன்றாக ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இதுதான். பொருள் காணாமல் போனவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நேரலையாகத் தெரியும் படத்துக்கும் டிஸ்க்கில் எழுதும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்க் செத்துப் போனாலும் படம் தெரியும். டிஸ்க்கைக் கழற்றி எடுத்தாலும் தெரியும். அதனால் நீங்கள் இரண்டு மாதம் ஏமாந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இதை உங்களிடம் முன்பே யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியா மென்பொருளா என்பதற்கு வருவதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பதிவு நின்றுபோனால் உங்கள் வீட்டில் அது யாருக்குத் தெரிய வரும்? அன்றைக்கே தெரியுமா, இரண்டு மாதம் கழித்தா? என் பதில் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும்.

நான் நேரில் பார்த்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, ஒரு கிடங்கு. அங்கே பெட்டி ரெக்கார்டர்தான். டிஸ்க் பழுதானதும் அது "பீப், பீப்" என்று கத்தியிருக்கிறது. அந்தச் சத்தம் தாங்காமல் அலுவலகத்தில் இருந்த ஒருவர் மெனுவுக்குள் போய் பஸ்ஸரை அணைத்துவிட்டார். சத்தம் நின்றதும் எல்லோருக்கும் நிம்மதி. நான்கு மாதம் கழித்து ஒரு திருட்டு. நான் போய் பிளேபேக்கைத் திறந்தபோது நாட்காட்டியில் ஒரு நாளுக்குக்கூடப் பதிவு இருக்கும் அடையாளம் இல்லை. பெட்டி தன் வேலையைச் செய்து எச்சரித்துவிட்டது. அந்த எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய ஆளிடம் சேரவில்லை.

இன்னொன்று கணினி. நானே அமைத்துக் கொடுத்தது. நல்ல கணினி, நல்ல மென்பொருள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு நள்ளிரவில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு ரீஸ்டார்ட் ஆகி, பாஸ்வேர்டு கேட்கும் திரையில் போய் நின்றுவிட்டது. யாராவது உள்ளே நுழைந்தால்தான் மென்பொருள் தொடங்கும்படி நான் விட்டிருந்தேன். அதை சர்வீஸாக, அதாவது கணினி எழுந்தவுடன் யாரும் தொடாமலே ஓடும்படி அமைத்திருக்க வேண்டும். பதினோரு நாள் பதிவு போய்விட்டது. அங்கே திருட்டு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதினோரு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு உறுத்தும். அதற்குப் பிறகு நான் அமைக்கும் எந்தக் கணினியையும் மின்சாரத்தைப் பிடுங்கித் திரும்பக் கொடுத்து, கைவைக்காமல் தானாகவே பதிவைத் தொடங்குகிறதா என்று பார்க்காமல் ஒப்படைப்பதில்லை.

இனி உங்கள் மகனும் மாட்டுபவரும் சொல்வதற்கு வருகிறேன். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் ஒரு தெளிவு. டிவிஆர் என்பது கோஆக்சியல் கேபிளில் வரும் அனலாக் படத்தை வாங்கி, தானே சுருக்கி, டிஸ்க்கில் எழுதும். ஐபி கேமராவில் அந்தச் சுருக்கும் வேலை கேமராவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எச்.264 அல்லது எச்.265 முறையில் சுருக்கிய தரவை அது நெட்வொர்க் கேபிளில் அனுப்பும். என்விஆர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும். கணினியில் போடும் மென்பொருள் செய்வதும் இதையேதான். என்விஆர் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் லினக்ஸில் ஒரு மென்பொருள்தான் ஓடுகிறது. அந்த மென்பொருளை உற்பத்தியாளர் பூட்டித் தருகிறார், அதற்கு ஏற்ற சிப்பைப் போட்டுத் தருகிறார். கணினியில் என்றால் பூட்டு உங்கள் கையில். உங்களுக்குப் பிடித்தபடி மாற்றலாம். மாற்றினால் பராமரிக்கும் பொறுப்பும் உங்களுடையதுதான்.

பெட்டியின் பலம் அது சலிக்காமல் ஒரே வேலையைச் செய்வதில் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக எழுந்து பதிவைத் தொடங்கிவிடும். மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். கேமராக்களுக்குப் போவதைச் சேர்க்காமல் 20 வாட் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 175 யூனிட். மேசைக் கணினி 60 வாட் இழுத்தால் வருடத்துக்கு 525 யூனிட். இந்தக் கணக்கை உங்கள் மகனிடம், தம்பி என்றே சொல்கிறேன், கட்டாயம் காட்டுங்கள். "சும்மா கிடக்கிற கணினி" இரவும் பகலும் ஓட ஆரம்பித்துவிட்டால் அது இலவசம் இல்லை.

பெட்டியின் பலவீனம் அதன் பிடிவாதம். அதே கம்பெனி கேமராவைப் போட்டால் மனிதன், வாகனம் என்று பிரித்துச் சொல்லும் வசதி எல்லாம் வேலை செய்யும். வேறு கம்பெனி கேமராவைச் சேர்த்தால் படம் வரும், பதிவாகும், ஆனால் அந்தப் புத்திசாலித்தனத்தில் பாதி காணாமல் போய், வெறும் "அசைவு" என்று மட்டும் சொல்லும். ஓஎன்விஐஎஃப் என்ற பொது விதிமுறை 2008ல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கியது. அது இருப்பதால்தான் ஒரு கம்பெனி கேமராவும் இன்னொரு கம்பெனி ரெக்கார்டரும் இந்த அளவுக்காவது பேசிக்கொள்கின்றன. வாங்கும் கேமராவில் ஓஎன்விஐஎஃப் புரொஃபைல் எஸ் (S), புரொஃபைல் டி (T) இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ் என்பது அடிப்படை வீடியோ. எச்.265, அசைவு அறிவிப்பு போன்றவை டியில் வருகின்றன.

மென்பொருளின் பலம் தேடுவதில் தெரியும். அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கேட் அருகே மனிதர் வந்த இடங்களை மட்டும் காட்டு என்றால், நன்றாக அமைத்த மென்பொருள் நொடியில் காட்டும். மழையையும் சிலந்தியையும் மரக்கிளையையும் ஒதுக்கிவிடும். என்விஆரிலும் இது இருக்கிறது, ஆனால் பெட்டிக்குப் பெட்டி தரம் மாறும். அப்புறம், கேமராவை எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் மென்பொருளுக்கு அவ்வளவாகக் கவலையில்லை. பழுதானால் எந்தக் கணினிக் கடையிலும் உதிரி பாகம் கிடைக்கும். பெட்டியின் மதர்போர்டு போனால் பெரும்பாலும் பெட்டியையே மாற்ற வேண்டியதுதான். சில பெட்டிகளின் டிஸ்க்கைக் கணினியில் செருகினால் நேரடியாகப் படிக்கவும் முடியாது, அவர்களுடைய ஃபார்மேட் தனி.

தம்பியின் கணினிக்கு வருகிறேன். ஆறாம் தலைமுறை ஐ5 இதற்குப் போதுமா என்றால், வேலையை எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நிறைய பேர் சறுக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேமரா அனுப்பும் சுருக்கிய தரவை அப்படியே டிஸ்க்கில் எழுதுவது மிகச் சுலபம், பழைய கணினிகூட அலட்டிக்கொள்ளாது. கஷ்டம், அந்தச் சுருக்கத்தை விரித்து ஒவ்வொரு படமாகப் பார்த்து அசைவு இருக்கிறதா, மனிதன் இருக்கிறானா என்று தேடுவதில்தான். 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று 2560க்கு 1440 புள்ளிகள் கொண்ட படத்தை நொடிக்கு 15 முறை அனுப்புகிறது. எட்டு கேமராவுக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு 44 கோடிப் புள்ளிகளைத் தாண்டும். கணினியின் விசிறி கத்த ஆரம்பிக்கும்.

இதற்காகத்தான் அநேகமாக ஒவ்வொரு ஐபி கேமராவும் சப்ஸ்ட்ரீம் என்று இன்னொரு சிறிய படத்தையும் கூடவே அனுப்புகிறது. 640க்கு 360 அளவில், நொடிக்கு 5 படம் என்று அதை வைத்தால், எட்டு கேமராவுக்கும் சேர்த்து நொடிக்கு 92 லட்சம் புள்ளிகள்தான். 48ல் ஒரு பங்கு. அசைவையும் ஆளையும் சிறிய படத்தில் தேடு, பெரிய படத்தைத் தொடாமல் அப்படியே டிஸ்க்கில் எழுது என்று அமைத்தால் அந்தப் பழைய கணினியே தாங்கும். ஃப்ரிகேட் என்ற மென்பொருளில் இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம், ப்ளூ ஐரிஸிலும் முடியும். தம்பி எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இந்த ஒன்றைச் சரியாகச் செய்யச் சொல்லுங்கள்.

கூடவே அவர் கவனிக்க வேண்டியது, அந்தக் கணினியின் வயது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதனால் ஆறாம் தலைமுறைக் கணினியில் லினக்ஸ் போடுவதே நல்லது. ப்ளூ ஐரிஸ் விண்டோஸுக்கு மட்டும், அதுவும் இலவசம் இல்லை. ஃப்ரிகேட்டும், 2000களின் தொடக்கத்திலிருந்தே இருக்கும் சோன்மைண்டரும் லினக்ஸில் ஓடும், இரண்டும் இலவசம். ஆறாம் தலைமுறை இன்டெல்லில் உள்ள கிராஃபிக்ஸ் பகுதி எச்.265 படத்தைத் தானே விரித்துக்கொள்ளும் என்பது தம்பிக்கு ஒரு நல்ல செய்தி. ஆனால் கேமராவில் "எச்.265 பிளஸ்", "ஸ்மார்ட் கோடெக்" என்று ஒரு தேர்வு இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். அது அந்தக் கம்பெனியின் சொந்தச் சமாச்சாரம், வேறு மென்பொருளில் படம் உடைந்து உடைந்து வரும். ஐ-ஃப்ரேம் இடைவெளியையும், அதாவது எத்தனை படத்துக்கு ஒருமுறை முழுப் படம் வருகிறது என்பதையும், நொடிக்கு எத்தனை படமோ அதே எண்ணாக வையுங்கள், 15 என்றால் 15. இல்லாவிட்டால் பதிவின் தொடக்கத்தில் சில நொடிகள் வெட்டுப்பட்டுப் போகும், ஆள் கேட்டைத் தாண்டிய பிறகுதான் படம் ஆரம்பிக்கும்.

டிஸ்க் கணக்கு கேட்டிருந்தீர்கள். ஒரே ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 10.8. ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு நாள் முழுவதும் அனுப்பினால் 10.8 ஜிபி பிடிக்கும். 4 எம்பிபிஎஸ் என்றால் 43.2 ஜிபி. இதை வைத்து எந்தக் கணக்கையும் நீங்களே போடலாம், மாட்டுபவர் சொல்வதை நம்பி இருக்க வேண்டியதில்லை.

உங்கள் இடத்துக்கு நான் இப்படி வைப்பேன். கேட், வாசல், துணி வைக்கும் அறை, பணம் வைக்கும் மேசை இந்த நான்கும் 4 எம்பிபிஎஸ். மற்ற நான்கும் 2 எம்பிபிஎஸ். மொத்தம் 24 எம்பிபிஎஸ். 24ஐ 10.8ஆல் பெருக்கினால் ஒரு நாளுக்கு 259 ஜிபி. முப்பது நாளுக்கு 7,776 ஜிபி. ஒரு 8 டிபி டிஸ்க் அதை ஏறக்குறைய முட்டிக்கொண்டு நிற்கும், நடைமுறையில் 28 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டிப்பாக முப்பது வேண்டுமென்றால் 10 டிபி. வாங்கும் முன் பெட்டியின் விவரக் குறிப்பில் இரண்டைப் பாருங்கள். ஒரு டிஸ்க் அதிகபட்சம் எத்தனை டிபி வரை ஏற்கும்? உள்ளே வரும் மொத்த வேகம் எத்தனை எம்பிபிஎஸ் வரை தாங்கும்? "எட்டு சேனல்" என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதால் மட்டும் எட்டுப் பெரிய கேமராவை அது தாங்கும் என்று ஆகிவிடாது.

அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்தால் டிஸ்க் மிச்சமாகுமே என்று தம்பி கேட்பார். மிச்சமாகும். ஆனால் நான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. அசைவு என்று மென்பொருள் நினைக்காத ஒரு விநாடியில்தான் உங்களுக்கு வேண்டிய விஷயம் நடக்கும். முழு நேரமும் பதிவு செய்யுங்கள், அசைவை அந்தப் பதிவின் மேல் போட்ட அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டிஸ்க் என்பதிலும் கவனம் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் உங்கள் டிஸ்க்கில் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 95 டிபி எழுதப்படும். சாதாரண மேசைக் கணினி டிஸ்க்குகளை வருடத்துக்கு 55 டிபி அளவு வேலைக்குத்தான் செய்கிறார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு டிஸ்க்குகளை வருடத்துக்கு 180 டிபிக்கு. பெட்டியோ கணினியோ, இதில் மட்டும் சமரசம் வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பிப்பவர்கள்தான் ஒன்றரை வருடத்தில் திரும்ப என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பழைய கேமராக்கள் விஷயம். அவற்றைக் கழற்றி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். டிவிஐ, சிவிஐ, ஏஹெச்டி என்ற எச்டி அனலாக் வகைகளில் ஒன்று இருந்து, 1080பி அல்லது 2 மெகாபிக்சல் என்றும் இருந்தால் அவை இன்னும் உபயோகப்படும். பழைய கோஆக்சியல் கேபிளையே வைத்துக்கொண்டு, அனலாக் கேமராவையும் சில ஐபி கேமராவையும் சேர்த்து வாங்கும் ஹைபிரிட் ரெக்கார்டர், எக்ஸ்விஆர் என்பார்கள், ஒன்று போடலாம். மென்பொருளுக்கு அனலாக் கேமரா நேராகப் புரியாது. ஆனால் பல டிவிஆர்கள் தங்கள் சேனல்களை ஆர்டிஎஸ்பி என்ற வீடியோ அனுப்பும் முறை வழியாக நெட்வொர்க்கில் கொடுக்கும், அதை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். லேபிளில் 700 டிவிஎல் (பழைய அனலாக் தெளிவின் அளவு) என்பது போல ஏதாவது இருந்தால் அந்தக் கேமராவுக்கு விடை கொடுத்துவிடலாம். ஆள் நடமாட்டம் தெரியும், முகம் தெரியாது.

முகம் என்று சொன்னதால் ஒன்று. ஒருவரை அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்று கண்காணிப்பு கேமராவுக்கான சர்வதேசத் தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு சொன்னது. 2560 புள்ளி அகலமுள்ள கேமரா என்றால் அது பார்க்கும் அகலம் 10 மீட்டருக்குள் இருக்க வேண்டும். முற்றம் முழுவதும் ஒரே கேமராவில் அழகாகத் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டால், யார் என்று மட்டும் தெரியாது. ரெக்கார்டர் பற்றி எழுதும்போது இது வேறு விஷயம்தான். ஆனால் நல்ல ரெக்கார்டரில் முப்பது நாள் பத்திரமாக இருக்கும் தெளிவில்லாத முகத்தை எத்தனையோ முறை பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

சரி, என் முடிவு. உங்கள் மகன் கடைசி வருடம் படிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வருடம் வேலைக்கு வேறு ஊருக்குப் போகலாம். அவர் அமைத்த கணினி ஒரு நாள் காலையில் கறுப்புத் திரையில் நின்றால் அப்போது யார் பார்ப்பது? நீங்கள் தையல் யூனிட்டைக் கவனிப்பீர்களா, லினக்ஸைக் கவனிப்பீர்களா? அதனால் 24 மணி நேரப் பதிவு என்ற அடிப்படை வேலையை ஒரு என்விஆர் பெட்டியிடமே கொடுங்கள். தம்பியின் யோசனையைத் தள்ளிவிட வேண்டாம். ஐபி கேமராவிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பேர் படம் வாங்கலாம். அதே கேமராக்களின் சிறிய படத்தை அவர் கணினி எடுத்து, இரவில் ஆள் வந்தால் போனுக்குச் சொல்லட்டும், தேடுவதற்கு வசதியாக அடையாளம் போட்டு வைக்கட்டும். அது நின்றுபோனால் ஒரு வசதி போகும், பதிவு போகாது. அவர் கற்றுக்கொள்வதற்கும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

உங்கள் வீட்டில் இதைத் தொழிலாகவே செய்பவர் நிரந்தரமாக இருந்தால், அல்லது கேமரா இருபது முப்பது என்று போகும் இடமாக இருந்தால், நான் மென்பொருள் பக்கம் சாய்ந்திருப்பேன். இரண்டுக்கும் நடுவே நாஸ் என்ற வழியும் உண்டு. சினாலஜி போன்ற சேமிப்புப் பெட்டிகளில் கேமரா மென்பொருளும் வரும். ஆனால் சினாலஜியின் வழக்கமான நாஸ் பெட்டிகளில் இரண்டு கேமராவுக்குத்தான் உரிமம் சேர்ந்து வரும், மீதிக்குத் தனியாக வாங்க வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த இரட்டை ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை மாட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்புறத்திலேயே எட்டு கேமராவைச் செருகும் பிஓஇ போர்ட் (நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்டும் கொடுப்பது) உள்ள என்விஆரைத்தான் அவர் காட்டுவார். அதில் கேமராக்கள் பெட்டிக்குப் பின்னால் தனி நெட்வொர்க்கில் ஒளிந்துகொள்ளும். பாதுகாப்புக்கு அது நல்லது, ஆனால் தம்பியின் கணினிக்கு அவை சுலபமாகத் தெரியாது. பிஓஇ இல்லாத என்விஆரையும் தனியாக ஒரு பிஓஇ சுவிட்சையும் போடச் சொல்லுங்கள். நாளைக்குப் பெட்டியை மாற்றினாலும், மென்பொருளுக்கே போனாலும், கேமராவையும் கேபிளையும் தொட வேண்டியதில்லை. ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாக, எட்டு கேமராவும் இணையத்துக்குப் போக முடியாதபடி ரவுட்டரில் தடுத்துவிட வேண்டும். தம்பிக்கு அது ஐந்து நிமிட வேலை.

பாதுகாப்பை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016ல் மிராய் என்ற வைரஸ், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் தேடித் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது அறுபத்துச் சொச்சம் பாஸ்வேர்டுகள் கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே. அந்த அக்டோபரில் அந்தக் கேமராக்களையும் டிவிஆர்களையும் வைத்து டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. போனில் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து பெட்டிக்கு நேராக வழி திறப்பது, செய்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விபிஎன், அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையும் பூட்டிய தனிப்பாதை, வழியாகப் பார்க்கலாம், அதற்கான வயர்கார்டு மென்பொருள் தம்பிக்குத் தெரிந்திருக்கும். அது முடியாவிட்டால் கம்பெனியின் ஆப், ஆனால் நீளமான சொந்த பாஸ்வேர்டோடு. அந்த பாஸ்வேர்டு மாட்டுபவரிடம் மட்டும் இல்லாமல் உங்கள் நோட்டிலும் இருக்கட்டும்.

யுபிஎஸ் போடும்போது ரெக்கார்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சுவிட்சுக்குக் கரண்ட் இல்லையென்றால் எட்டு கேமராவும் அணைந்துவிடும், ரெக்கார்டர் விழித்திருந்தும் பதிவு செய்ய எதுவும் வராது. சுவிட்ச், ரவுட்டர், பெட்டி மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பெட்டியை மேசை மேல் வைக்காமல் மேல்மாடியில் பூட்டிய அலமாரியில், காற்றோட்டத்தோடு வையுங்கள், திருடுபவர் அதையும் தூக்கிக்கொண்டு போவது உண்டு. அதற்கும் ஒரு பாதுகாப்பாக, கேட் கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டு போட்டுவிடுங்கள். நேரத்தை இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்துகொள்ளும்படியும் பெட்டியை அமைக்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் கொடுக்கும் பதிவில் கடிகாரம் இருபது நிமிடம் தவறாக இருந்தால் அதை விளக்கியே உங்களுக்குப் பாதி நாள் போகும். தையல் நடக்கும் ஹாலில் ஒலிப்பதிவை அணைத்து வையுங்கள், அங்கே கேமரா இருப்பதை வேலை செய்பவர்களிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு வேலை மட்டும் உங்களுக்கு. திங்கட்கிழமை காலையில் யூனிட்டைத் திறந்ததும் பிளேபேக்கைத் திறந்து, முந்தைய இரவு மூன்று மணியை ஒவ்வொரு கேமராவிலும் பத்து நொடி பாருங்கள். பிறகு நாட்காட்டியில் மிகப் பழைய நாள் எது என்று பாருங்கள். 28 நாள் முன்னால் இருக்க வேண்டியது 12 நாளாகத் திடீரென்று சுருங்கியிருந்தால் ஏதோ மாறியிருக்கிறது, உடனே ஆளைக் கூப்பிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடப் பதிவை பென் டிரைவில் எடுத்து, வேறு கணினியில் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அவசரத்தில் முதல் முறையாகப் பதிவை எடுக்க முயன்று தடுமாறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாட்டி முடித்து ஒப்படைக்கும் நாளில் மாட்டுபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மூன்று சோதனை செய்யுங்கள். ஒரு கேமராவின் கேபிளைப் பிடுங்குங்கள். ரெக்கார்டரின் மின்சாரத்தைப் பிடுங்கித் திரும்பக் கொடுங்கள். கடைசியாக, பெட்டியை அணைத்து டிஸ்க்கின் கேபிளை அவரையே கழற்றச் சொல்லி, மறுபடி போடுங்கள். கேமரா போனதும் டிஸ்க் இல்லாததும் உங்கள் போனுக்குச் செய்தியாக வர வேண்டும், உங்கள் மகனின் போனுக்கும் வர வேண்டும். டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, அன்றைய பதிவு ஓடுவதையும் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.